குருசுக்குப்பத்து இரும்புக் குண்டு

புதுச்சேரியின் குருசுக்குப்பத்தில் ஒரு வீட்டுக் கிணற்றடிச் சுவரோரம் கிடந்தது அந்த இரும்புக் குண்டு. வீட்டார் அதைப் பழைய எடைக்கல் என்றே எண்ணியிருந்தார்கள். ஆனால் உருண்டோடும் எடைக்கல்லை யாரும் செய்வதில்லை. நான் அதைப் பெத்தாங்க் குண்டு என்று சந்தேகித்தேன். வட்டத்துக்குள் இரு காலும் ஊன்றி நின்று, 6 முதல் 10 மீட்டர் தொலைவில் கிடக்கும் சிறு மரக்கோலிக்கு எவ்வளவு நெருக்கமாகக் குண்டைப் போடுகிறோம் என்பதே பெத்தாங்க் ஆட்டம். தென் பிரான்சில் பிறந்த இந்த விளையாட்டு புதுச்சேரியில் இன்றும் ஆடப்படுகிறது.

சந்தேகம் சான்றாகாது. லியோன் நகரத்து ஆட்டத்துக்கும் உலோகக் குண்டுதான். ஆனால் அதன் விட்டம் 90 மில்லிமீட்டருக்குக் குறையாது. பெத்தாங்க் விதிப்படி விட்டம் 70.5 முதல் 80 மில்லிமீட்டர், எடை 650 முதல் 800 கிராம். அளவுகோலில் வைத்துப் பார்த்தபோது நம் குண்டு 74 மில்லிமீட்டர். லியோன் ஆட்டம் கணக்கிலிருந்து விலகியது.

அடுத்த கேள்வி காலம். தொடக்கத்தில் மரக்குண்டின் மேல் நெருக்கமாக ஆணி அறைந்து ஆடினார்கள். 1923-ல் வெண்கலக் கலவைக் குண்டு வந்தது. 1920-களின் பிற்பகுதியில் ழான் பிளான் என்பவர் சேன்-பொனே-லெ-ஷத்தோ என்னும் ஊரில், எஃகை அச்சிலிட்டு இரண்டு அரைக்கோளங்களாக அழுத்தி, அவற்றைப் பற்றவைத்து உள்ளே வெற்றிடமுள்ள குண்டு செய்தார். நம் குண்டில் காந்தம் பட்டென்று ஒட்டியது; வெண்கலமாயிருந்தால் ஒட்டாது. எண்ணெய்த் துணியால் மெல்லத் துடைத்ததும், நடுவே இடுப்புக்கயிறு போல ஒரு மெல்லிய கோடு சுற்றிவருவது தெரிந்தது. அது பற்றவைத்த தடம். புதுக் குண்டில் கடைந்து மறைத்துவிடும் இந்தத் தடத்தைத் துருதான் வெளியே கொண்டுவந்திருந்தது.

பிரெஞ்சு ஆட்சிக்காலத்து அதிகாரி யாரோ விட்டுப்போனது என்ற முடிவுக்கு இப்போது எளிதாக வந்துவிடலாம். நானும் சில நாள் அப்படித்தான் சாய்ந்திருந்தேன். அதற்குத் தடையாக வந்தவை குண்டின் மேல் இருந்த எழுத்துகள்.

போட்டிக் குண்டில் தயாரிப்பாளர் பெயரும் எடையும் பொறித்திருக்க வேண்டும். ஆடுபவர் தம் பெயரின் முதலெழுத்துகளையும் பொறித்துக்கொள்ளலாம். சாய்வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது 720 என்ற எண் தெளிவாக இருந்தது. அதன் மறுபக்கம் ஓர் எழுத்து துருவில் கரைந்திருக்க, மீதம் மூன்று லத்தீன் எழுத்துகள்: பே (B), யு (U), தே (T). கரைந்த இடத்தில் வட்டமான ஒரு விளிம்பு. ‘ஓ’ என்ற எழுத்தாக அதைக் கொண்டால் ‘ஓபுய்த்’ என்ற குண்டு தயாரிப்பு நிறுவனத்தின் பெயராகும். அந்த நிறுவனம் தொடங்கியது 1955-ல்.

இந்த ஆண்டுதான் எல்லாவற்றையும் மாற்றியது. புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது 1954 நவம்பர் 1. அப்படியானால் இந்தக் குண்டு தொழிற்சாலையை விட்டுப் புறப்படும்போது இங்கே பிரெஞ்சு ஆட்சியே இல்லை. அதிகாரியின் பெட்டியில் வந்ததல்ல இது. ஆட்சி போன பிறகு வந்தது.

யார் கொண்டுவந்தார்கள்? 1962 ஆகஸ்ட் 16-ல் ஒப்படைப்பு உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட தமிழ்க் குடும்பங்கள் இங்கே பல. அவற்றிலிருந்து பிரெஞ்சு ராணுவத்துக்குப் போய், ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர்களைப் புதுச்சேரியில் ‘சொல்தா’ என்பார்கள். இந்த வீட்டுத் தாத்தாவும் ஒரு சொல்தாதான். குண்டில் கையால் பொறித்த இரண்டு முதலெழுத்துகளில் ஒன்று அவருடையதோடு பொருந்துகிறது, மற்றது பொருந்தவில்லை. தோழர் ஒருவரின் குண்டு கைமாறி வந்திருக்கலாம். பிரெஞ்சுப் பள்ளியிலோ தூதரகத்திலோ வேலை பார்த்தவர் கொடுத்ததாகவும் இருக்கலாம். ஆகவே ‘சொல்தா கொண்டுவந்தது’ என்பது என் வலுவான ஊகம், தீர்ப்பு அல்ல.

உறுதியாகச் சொல்லக்கூடியது கடற்காற்றின் வேலை. துரு நீக்கிய குண்டு 709 கிராம் நிறுத்தது. பொறித்த எடையிலிருந்து 11 கிராம் குறைவு. ஆடி ஆடித் தேய்ந்ததா? ஆட்டத்தில் தேய்ந்தால் சுற்றிலும் ஒரே சீராகத் தேயும். இங்கேயோ ஒரு பாதியில் பிடிமானக் கோடுகள் விரல் நகத்துக்குத் தட்டுப்படுகின்றன. ஈரத்தரையில் அழுந்திக் கிடந்த பாதியில் மட்டும் அவை அழிந்து அம்மைத் தழும்பாகிவிட்டன. பெரும்பகுதி உப்பு ஈரம் தின்றதுதான். ஆனாலும் அந்த 11 கிராமை முழுப் பரப்புக்கும் பகிர்ந்தால் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட வராது. கடலையொட்டிய இந்த ஊரில் இத்தனை ஆண்டு கவனிப்பாரின்றிக் கிடந்தும் குண்டு இன்னும் ஆட்டத்துக்கு ஆகும்.

குருசுக்குப்பத்திலோ வைத்திக்குப்பத்திலோ உங்கள் வீட்டில் இப்படி ஒரு குண்டு கிடந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். உப்புத்தாள் வைத்துத் தேய்க்கவும் வேண்டாம், எழுத்து போய்விடும். எண்ணெய்த் துணியால் துடைத்து, அதில் உள்ள எழுத்தையும் எண்ணையும் ஒரு தாளில் குறித்து, அது யார் கை வழியாக வீட்டுக்கு வந்தது என்று பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.