மாலக்கிற்கு முன்னால் அந்த அடைப்புக்குறி எதற்கு?

நம் கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் சி மொழி படித்தவர்கள், எந்த வருடத்து செட்டாக இருந்தாலும், ரெக்கார்டு நோட்டில் ஒரு வரியைத் தவறாமல் எழுதியிருப்பார்கள். "பி சமம், அடைப்புக்குறிக்குள் இன்ட் ஸ்டார், அப்புறம் மாலக்" என்று போகும் அந்த வரி. லிங்க்டு லிஸ்ட், ஸ்டாக், பைனரி ட்ரீ, எந்தப் பயிற்சியை எடுத்தாலும் அது உண்டு. வைவாவில் "மாலக் என்ன செய்யும்?" என்று கேட்பார்கள். "அதற்கு முன்னால் அந்த அடைப்புக்குறி எதற்கு?" என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை. டைப் காஸ்ட் என்ற பெயர் எல்லோருக்கும் தெரியும். காரணம்தான் பேச்சில் வராது. காரணம் ஒரு காலத்தில் இருந்தது. 1989-இல் அது போய்விட்டது. வரி மட்டும் இன்னும் இருக்கிறது.

கதை 1960களின் கடைசியில் தொடங்குகிறது. மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் உருவாக்கிய பி.சி.பி.எல். மொழியிலும், அதைச் சுருக்கி அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ஸன் செய்த பி மொழியிலும் டைப் என்பதே கிடையாது. எல்லாம் ஒரே அளவுள்ள 'வேர்டு'. அதில் இருப்பது எண்ணா, முகவரியா, எழுத்தா என்பது எழுதுகிறவர் மனசுக்குத்தான் தெரியும். பெல் ஆய்வகத்துக்கு பி.டி.பி.-11 என்ற புது மெஷின் வந்தபோது இதில் சிக்கல் வந்தது. அது பைட் பைட்டாக முகவரி கொடுக்கும் மெஷின். பி மொழியின் பாயிண்டரோ வேர்டுகளை எண்ணுவது. ஒவ்வொரு தடவையும் அதை பைட் முகவரியாகப் பெருக்க வேண்டியிருந்தது. எழுத்துகளைக் கையாள்வதும் சுற்றுவழியாக இருந்தது. டென்னிஸ் ரிட்சி 1971 முதல் 1973 வரை அந்த மொழிக்கு டைப்புகளைக் கொடுத்து சி ஆக்கினார். 1973-இல் யூனிக்ஸ் கெர்னலே சி மொழியில் திரும்ப எழுதப்பட்டது.

டைப் வந்துவிட்டதே ஒழிய பழைய பழக்கம் போகவில்லை. பி.டி.பி.-11-இல் இன்ட்டும் 16 பிட், பாயிண்டரும் 16 பிட். ஆகவே ஒன்றில் மற்றொன்றைப் போட்டாலும் ஓடும், கம்பைலரும் கண்டுகொள்ளாது. யூனிக்ஸை வேறு மெஷின்களுக்குக் கொண்டுபோக முயன்ற 1970களின் பிற்பகுதியில்தான் இந்தச் சோம்பலின் விலை தெரிந்தது. "இங்கே டைப்பை மாற்றுகிறேன், தெரிந்துதான் மாற்றுகிறேன்" என்று வெளிப்படையாகச் சொல்ல ஒரு குறியீடு தேவைப்பட்டது. காஸ்ட் அப்படி வந்தது. பெயர் அல்கால் 68 மொழியிலிருந்து எடுத்தது. சந்தேகமான இடங்களைச் சுட்டிக்காட்ட ஸ்டீவ் ஜான்ஸன் லிண்ட் என்ற கருவியையும் செய்தார்.

1978-இல் கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய புத்தகத்தின் முதல் பதிப்பு வந்தபோது, 'எந்த டைப்புக்கும் பொதுவான பாயிண்டர்' என்று ஒன்று சி மொழியில் கிடையாது. நினைவகம் ஒதுக்கும் ஃபங்ஷன் கேரக்டர் பாயிண்டரைத்தான் திருப்பித் தரும். அதை ஒரு ஸ்ட்ரக்சர் பாயிண்டரில் போட வேண்டுமானால் காஸ்ட் போடுவதுதான் முறை. சில வேர்டு மெஷின்களில் கேரக்டர் பாயிண்டரும் இன்ட் பாயிண்டரும் உள்ளே வேறு வேறு வடிவம். அங்கே காஸ்ட் உண்மையாகவே வேலை செய்தது. ஆக, நம் ரெக்கார்டு நோட்டு வரிக்குப் பூர்வீகம் சுத்தமானது.

1983-இல் அமெரிக்கத் தர நிர்ணயக் குழு உட்கார்ந்து 1989-இல் முடித்த ஆன்ஸி சி, 'வாய்டு ஸ்டார்' என்ற பொதுப் பாயிண்டரைக் கொண்டுவந்தது. மாலக் அதையே திருப்பித் தரும். வாய்டு ஸ்டாரிலிருந்து எந்த டேட்டா பாயிண்டருக்கும், அங்கிருந்து திரும்பவும், காஸ்ட் இல்லாமலே தானாக மாறும். அடைப்புக்குறியின் வேலை அன்றோடு முடிந்தது. ஆனால் 1988-இல் வந்த அதே புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு, வாய்டு ஸ்டாரை விளக்கிவிட்டு, உதாரணங்களில் காஸ்ட்டையும் விடாமல் வைத்திருந்தது. பிற்பாடு வெளியிட்ட பிழைதிருத்தப் பட்டியலில், 142ஆம் பக்கத்து அறிவுரை பற்றி ஒரு குறிப்பு உண்டு: புதுத் தரத்தில் இது தேவையில்லை, மாலக் சரியாக டிக்ளேர் ஆகாத இடத்தில் தவறை மூடிமறைத்துக் கெடுதலும் செய்யலாம் என்பது அதன் சாரம். புத்தகத்தைப் படித்தவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். பட்டியலைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

நம் ஊர் லேபுகளில் அது வேரூன்றியதற்கு வேறொரு காரணமும் உண்டு என்பது என் கட்சி. நம்மில் பெரும்பாலோர் படித்தது போர்லாண்டின் நீலத் திரையில். டர்போ சி 1987-இல் வந்தது, டர்போ சி பிளஸ் பிளஸ் 1990-இல். பின்னதைத் திறந்ததும் வரும் காலி ஃபைலின் பெயர் ஞாபகமிருக்கிறதா? 'நோநேம்00', அதற்குப் பின்னால் சிபிபி என்ற வால். அந்த வால் இருந்தால் கம்பைலர் அதை சி பிளஸ் பிளஸ் நிரலாகத்தான் எடுத்துக்கொள்ளும். அந்த மொழியில் வாய்டு ஸ்டார் தானாக வேறு பாயிண்டராக மாறாது. காஸ்ட் போடாவிட்டால் எரர். பையன் சி எழுதுவதாக நினைத்துக்கொண்டு எழுதுகிறான், கம்பைலர் வேறு மொழியின் சட்டத்தைச் சொல்லி மறுக்கிறது, காஸ்ட் போட்டதும் ஓடிவிடுகிறது. "ஓஹோ, சி மொழியில் இது கட்டாயம் போலிருக்கு" என்று மனதில் பதிந்துவிடும். இதில் பையனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வேண்டாத காஸ்ட் இருந்தால்தான் என்ன, சும்மா இருந்துட்டுப் போகட்டுமே என்பவர்களுக்காக அதே நீலத் திரையிலிருந்து இன்னொன்று. ஃபைலை சி வாலோடு சேமித்து, மாலக்கை டிக்ளேர் செய்யும் ஹெடர் ஃபைலைச் சேர்க்க மறந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய சி விதிப்படி, டிக்ளேர் செய்யாத ஃபங்ஷன் இன்ட் திருப்பித் தருவதாகக் கம்பைலர் தானாக எடுத்துக்கொள்ளும். ஸ்மால் மெமரி மாடலில் இன்ட்டும் 16 பிட், பாயிண்டரும் 16 பிட், ஒன்றும் ஆகாது. லார்ஜ் மாடலுக்கு மாற்றினால் பாயிண்டர் 32 பிட்: பாதி செக்மென்ட், பாதி ஆஃப்செட். இன்ட் இன்னும் 16 பிட்தான். செக்மென்ட் பாதி வழியிலேயே தொலைந்துவிடும். நிரல் யாருடைய நினைவகத்தில் எழுதுகிறது என்று யாருக்கும் தெரியாது. டாஸில் தடுக்க ஆளும் இல்லை. காஸ்ட் இல்லாமல் இருந்தால் இன்ட்டைப் பாயிண்டரில் போடுவதைப் பார்த்துக் கம்பைலர் ஒரு வார்னிங் கொடுத்திருக்கும். காஸ்ட் போட்டிருந்ததால், "தெரிந்துதான் செய்கிறேன், நீ பேசாதே" என்று நாமே அதன் வாயைக் கட்டிவிட்டோம்.

இதே நாடகம் பெரிய மேடையில் திரும்ப நடந்தது. 1992-இல் டிஜிட்டல் நிறுவனத்தின் ஆல்ஃபா, 2003-இல் ஏ.எம்.டி.யின் ஆப்டிரான் என்று 64 பிட் மெஷின்கள் வந்தன. யூனிக்ஸ் உலகம் ஏற்ற முறையில் பாயிண்டர் 64 பிட், இன்ட் 32 பிட். பழைய 32 பிட் நிரல் ஒன்றை அப்படி மாற்றும் வேலை ஒருமுறை என் மேசைக்கு வந்தது. ஜி.சி.சி. கம்பைலருக்கு மாலக்கைத் தெரியும். ஹெடர் இல்லாவிட்டாலும் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். மாலக்கை அழைக்கும் நம் சொந்த ஃபங்ஷனை அதற்குத் தெரியாதே! ஹெடர் இல்லாமல் அழைத்து, காஸ்ட்டும் போட்டிருந்த இடங்களில் முகவரியின் மேல் பாதி வெட்டுப்பட்டது. முகவரி சின்ன எண்ணாக இருக்கும்வரை நிரல் நன்றாக ஓடும்; டேட்டா பெருகினால் விழும். நியாயமாகச் சொன்னால், "அளவு வேறு" என்று கம்பைலர் அங்கே முணுமுணுக்கத்தான் செய்தது. ஆயிரக்கணக்கான வார்னிங்குகளுக்கு நடுவே அதை யார் கேட்பது?

சுத்தம் செய்வதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஹெடர்களையும் ஃபங்ஷன் புரோட்டோடைப்புகளையும் சேர்த்து, வார்னிங் எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும். அப்புறம்தான் காஸ்ட்டில் கை வைக்க வேண்டும். உண்மையிலேயே வேண்டாத பாயிண்டர் காஸ்ட்டை எடுத்தால் உருவாகும் மெஷின் கோடு மாறக்கூடாது. முந்தின ஆப்ஜெக்ட் ஃபைலையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்த்தாலே தைரியம் வந்துவிடும். எடுத்ததும் புது வார்னிங் வந்தால் அந்தக் காஸ்ட் எதையோ மறைத்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் கான்ஸ்ட் போட்ட பாயிண்டரை ரகசியமாகத் திறந்துவிட்ட இடமாக இருக்கும். மாலக்கில் அளவு கேட்கும்போது டைப் பெயரைச் சொல்லாமல், அந்தப் பாயிண்டர் காட்டும் பொருளின் சைஸ்ஆஃப் என்று எழுதினால் வரியில் டைப் பெயரே இருக்காது. லினக்ஸ் கெர்னலின் நடை விதிகள் இந்த இரண்டையும் சொல்கின்றன. வாய்டு பாயிண்டரைக் காஸ்ட் செய்வது வீண் என்றும் அங்கே எழுதியிருக்கிறது. அப்படிப்பட்ட இடங்களைத் தேடித்தரும் காக்ஸினெல் ஸ்கிரிப்டும் கெர்னல் மூலநிரலோடு வருகிறது.

எல்லாவற்றையும் ஒரேயடியாக வழித்து எறியவும் கூடாது. யூனிக்ஸில் எக்ஸெக்எல் ஃபங்ஷனுக்குக் கடைசியில் கொடுக்கும் பூஜ்யத்துக்கு கேரக்டர் ஸ்டார் காஸ்ட் அவசியம். அது எண்ணிக்கை நிர்ணயிக்காத ஆர்கியுமெண்ட் ஆனதால், அங்கே பாயிண்டர் வேண்டும் என்று கம்பைலருக்குத் தெரிய வழியில்லை. சாக்கெட் நிரலில் பைண்டுக்கும் கனெக்டுக்கும் முகவரி கொடுக்கும்போது போடுகிற காஸ்ட்டும் அப்படித்தான். அந்த ஃபங்ஷன்கள் 1983-இல் 4.2 பி.எஸ்.டி.யோடு வந்தவை, வாய்டு ஸ்டார் தரமாவதற்கு முந்தியவை. அதனால் இன்றைக்கும் வலைப்பின்னல் நிரல் எழுதுகிறவர்கள் அதை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு செய்தி. டிக்ளேர் செய்யாத ஃபங்ஷனை இன்ட் என்று எடுத்துக்கொள்ளும் விதியை 1999-ஆம் ஆண்டுத் தரமே நீக்கிவிட்டது. கம்பைலர்கள்தான் பழைய நிரல்கள்மேல் இரக்கப்பட்டு வார்னிங்கோடு விட்டு வைத்தன. 2024-இல் வந்த ஜி.சி.சி. 14 அதை எரர் ஆக்கிவிட்டது. இன்ட்டைப் பாயிண்டரில் போடுவதும், பொருந்தாத பாயிண்டரை ஒன்றில் ஒன்று போடுவதும்கூட இப்போது எரர். பழைய நிரல்கள் பல இதனால் கம்பைல் ஆகாமல் நின்றன. அவற்றைச் சரிசெய்ய இரண்டு வழி: விட்டுப்போன ஹெடரைத் தேடிச் சேர்ப்பது ஒன்று, எரர் வந்த வரியில் ஒரு அடைப்புக்குறி போட்டுவிட்டு டீ குடிக்கப் போவது இன்னொன்று. இரண்டாவதைச் செய்தால் பொருந்தாத பாயிண்டர் எரர் அந்த நிமிடமே மறைந்துவிடும். அந்தப் பாயிண்டர் எங்கே போய்க் கை வைக்கிறது என்பது அடுத்து அந்த ஃபைலைத் திறப்பவருக்குத் தெரியவரும்.