மடியில் வைத்த பியூஸ் கட்டை

தச்சன் மகன் உளி பிடிக்கப் பழகும்போது பலகை வீணாகும். குயவன் மகன் சக்கரத்தில் கை வைக்கும்போது பானையின் கழுத்து கோணும். பத்தர் பட்டறையில் ஊதுகுழல் ஊதப் பழகும் சிறுவனால் ஒரு குன்றிமணிப் பொன் சிந்திப் போகும். நஷ்டம் கண்ணுக்குத் தெரியும். குருவின் வசவு காதில் விழும். மறுநாள் கை சற்றே திருந்தும். நம் நாட்டுக் கைத்தொழில்கள் பலவும் இவ்வாறு பிழையையே பாடப் புத்தகமாகக் கொண்டு தலைமுறை தலைமுறையாகக் கற்பிக்கப்பட்டு வந்தவை. அந்தப் பரம்பரையின் நடுவே, கண்ணுக்குத் தெரியாததும் மூக்குக்கு மணக்காததும் காதுக்குக் கேளாததுமான ஒரு சக்தியைக் கையாளும் தொழில் ஒன்று வந்து சேர்ந்தபோது, முதற்பிழையே கடைசிப் பிழையாகிவிடக்கூடிய அந்த வேலையைச் சிஷ்யனுக்கு எவ்வாறு பழக்குவது என்ற கேள்வி எழுந்தது. மின்சார ஒயரிங் தொழிலில் பயிற்சியின் சரித்திரம் என்பது அந்தக் கேள்விக்கு மேஸ்திரிகளும் சர்க்காரும் தனித்தனியே கண்ட விடைகளின் சரித்திரமே.

சென்னைப்பட்டணத்தில் 1895ஆம் ஆண்டு மே மாதத்தில் மின்சார டிராம் வண்டி ஓடத் தொடங்கிற்று. இந்தியாவிலேயே அதுதான் முதலாவது. அதன்பின் இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் மதராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் என்ற கம்பெனி பேசின் பிரிட்ஜ் நிலையத்தில் மின்சாரம் உற்பத்தி செய்து நகரத்துக்கு வழங்கி வந்தது. நிலையத்தையும் பெரிய யந்திரங்களையும் நடத்த இஞ்சினீயர்கள் சீமையிலிருந்து வரலாம்; ஆனால் தெருக்கம்பத்திலிருந்து கூடத்து விளக்கு வரையில் கம்பியைக் கொண்டுபோய்ச் சேர்க்க உள்ளூர்க் கைகளே வேண்டியிருந்தன. அந்தக் கைகள் பெரும்பாலும் மரவேலையில் பழகிய கைகளாக இருந்தால்தான் வேலை நடக்கும் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அக்காலத்து ஒயரிங் பாதிக்கு மேல் தச்சு வேலையாகவே இருந்தது.

பழைய வீடுகளின் உத்தரத்தை ஒட்டி, வர்ணம் பூசியோ பூசாமலோ, ஒன்றரை இரண்டு அங்குல அகலத்தில் ஓடும் தேக்குச் சட்டத்தை இன்றும் சில இடங்களில் பார்க்கலாம். அதற்குக் கேஸிங் கேப்பிங் என்று பெயர். அடிச்சட்டத்தில் நீளவாட்டில் இரண்டு பள்ளங்கள். ஒன்றில் போகும் கம்பி, மற்றொன்றில் திரும்பும் கம்பி. மேலே ஒரு மூடிப் பலகை. மூடியை முடுக்கும் திருகாணி இரண்டு பள்ளங்களுக்கும் இடையிலுள்ள அந்தக் குறுகிய வரப்பில்தான் இறங்க வேண்டும். திருப்புளி பிடித்த கை ஒரு நூலளவு விலகினாலும், ரப்பர் உறையைத் துளைத்துக்கொண்டு ஆணி கம்பியைத் தொட்டுவிடும். மூடிய பின் அது வெளியே தெரியாது. ஒரு மழைக்காலத்தில் சுவர் நனையும்போதோ, வீட்டுக்காரர் வெள்ளையடிக்கும்போதோதான் அந்தத் தவறு தன்னைக் காட்டும். அதைச் செய்த சிறுவன் அதற்குள் வேறெங்கோ பெரிய ஆளாகியிருப்பான். மூலையில் சட்டத்தைச் சாய்வாக அறுத்துப் பொருத்தும் அழகைத் தச்சனிடம் கற்கலாம். கண்ணில் படாத வரப்பில் ஆணி இறக்கும் சிரத்தையைப் புதிதாகத்தான் கற்க வேண்டியிருந்தது.

நகரத்துக் கனவான்களின் பங்களாக்களோடு நின்றிருக்கக்கூடிய இந்தத் தொழிலைப் பொதுஜனங்களின் தொழிலாக்கியது நீலகிரியின் நீர்வீழ்ச்சி. ஸர் சி. பி. ராமஸ்வாமி ஐயர் ராஜதானி நிர்வாக சபையில் அங்கத்தினராக இருந்த காலத்தில் ஊக்கத்தோடு முன்னிறுத்திய பைக்காரா திட்டம், 1929இல் வேலை தொடங்கி, 1932-33இல் சுமார் 3,000 அடி உயரத்திலிருந்து விழும் தண்ணீரை மின்சாரமாக்கிச் சமவெளிக்கு அனுப்பியது. 1937இல் மேட்டூரும் 1944இல் பாபநாசமும் அதைத் தொடர்ந்தன. பைக்காராவின் கம்பிகள் முதலில் இறங்கிய கோயம்புத்தூர்ச் சீமையில் ஆலைகள் மளமளவென்று எழும்பின. நூறடி ஆழக் கிணற்றிலிருந்து கவலை கட்டி இறைத்துக்கொண்டிருந்த குடியானவர், மாட்டை அவிழ்த்துவிட்டு மோட்டார் வைக்கத் தலைப்பட்டார். ஆலைக்கும் கிணற்றுக்கும் வீட்டுக்கும் கம்பி இழுக்க ஆட்கள் வேண்டும். வேண்டிய ஆட்களைத் தயார்செய்து கொடுக்கத் தக்க பள்ளிகளோ மிகச் சில. ஆகவே கடைவீதியில் ‘எலெக்ட்ரிக்கல்ஸ்’ என்று பலகை மாட்டிய சிறு கடையும், அதன் மேஸ்திரியும், அவர் பின்னால் ஏணி தூக்கிச் செல்லும் பையனுமாகத் தொழிற்கல்வி தன் போக்கில் நடந்தது.

அந்தக் குருகுலத்துக்கு எழுதாத பாடத்திட்டம் ஒன்று இருந்தது. முதல் வருஷம் பையனுக்குக் கம்பியைத் தொட உரிமை இல்லை. ஏணி பிடிப்பதும், நீலப்பொடி தடவிய நூலின் ஒரு முனையைச் சுவரில் அழுத்திப் பிடித்து, மேஸ்திரி மறுமுனையிலிருந்து சுண்டும்போது கண்ணில் பொடி விழாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வதும், சுவரைக் குடைந்து மரக்கட்டை அடிப்பதுமே அவன் அப்பியாசம். தேக்குச் சட்டத்தின் இடத்தில் மெல்லிய ரீப்பர் வந்தபோது, படுக்கைவாட்டில் நாலங்குலத்துக்கு ஒன்றும் செங்குத்தில் ஆறங்குலத்துக்கு ஒன்றுமாகப் பித்தளைக் கிளிப் அடிக்கும் வேலையும் சேர்ந்துகொண்டது. இரண்டாம் வருஷம் கம்பி சீவுவது, அதாவது செம்பில் கீறல் விழாமல் உறையை மட்டும் உரிப்பது. அதன்பின் முறுக்கி ஜாயிண்ட் போட்டு, ஈயம் பற்றவைத்து, டேப் சுற்றுவது. விளக்கு, மின்விசிறி, மாடிப்படியில் மேலும் கீழும் இரண்டு ஸ்விட்சுகளால் ஒரே விளக்கை ஆளும் வித்தை என்று படிப்படியாக ஏறி, நாலைந்து வருஷம் கழித்து, மோட்டாருக்கு மூன்று பேஸ் கொடுக்கும் நாளில்தான் அவன் ஏறக்குறைய ஆளாவான்.

இவையெல்லாம் கைக்குரிய பாடங்கள். அவற்றுக்கு அடியில் வேறொரு பாடம் முதல் நாளிலிருந்தே நடந்துகொண்டிருந்தது. அது பயத்தைப் பழக்கும் பாடம். மின்சாரத்தைக் கண்டு நடுங்குகிறவன் ஏணியில் நிற்க முடியாது. பயமே அற்றவன் ஏணியிலிருந்து இறங்க மாட்டான். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு ஜாக்கிரதையை உண்டாக்குவதற்கு மேஸ்திரிகள் சில சம்பிரதாயங்களை வகுத்திருந்தார்கள். சந்தேகமான இடத்தை உள்ளங்கையால் தொடாதே, புறங்கையால் தொடு என்பார்கள். ஷாக் அடித்தால் விரல்கள் தாமாகவே மடங்கிக் கம்பியைப் பற்றிக்கொள்ளும் என்பதைச் சரீர சாஸ்திரம் படிக்காமலே அவர்கள் அறிந்திருந்தார்கள். தொடாமலே இருப்பதுதான் உத்தமம் என்பதை டெஸ்டர் வந்த பிறகே தொழில் கற்றுக்கொண்டது. எல்லாவற்றிலும் விசேஷமான சம்பிரதாயம் ஒன்று உண்டு. கொங்கு நாட்டு ஊர் ஒன்றில் ஏணிமேல் நிற்கும் மேஸ்திரிக்கும் கீழே நிற்கும் பையனுக்கும் நடக்கும் சம்பாஷணையாக அதைக் கேட்பதே நல்லது.

“மெயினை நிறுத்தியாச்சா?”

“ஆச்சுங்க மேஸ்திரி.”

“ஆச்சுன்னு யாரு சொன்னா? நீ போய்ப் பாத்தியா?”

“வீட்டுக்கார அம்மா சொன்னாங்க.”

“அம்மா சொன்னாக் கரண்ட் கேக்குமாடா? போய்க் கட்டையைப் பிடுங்கி மடியில வெச்சுக்கிட்டு வா.”

வெள்ளைப் பீங்கானில் கைப்பிடியோடு செய்து, உள்ளே மெல்லிய கம்பி கட்டிய அந்தப் பியூஸ் கட்டையைப் பிடுங்கிவிட்டால் கம்பியில் மின்சாரம் வராது. ஆனால் பிடுங்கிய கட்டையைப் பலகைமேலேயே வைத்துவிட்டு வந்தால், விளக்கு எரியவில்லையே என்று யாரேனும் ஒருவர் நல்லெண்ணத்தோடு அதை எடுத்துச் சொருகிவிடலாம். அது வேலை செய்கிறவன் மடியில் இருக்கும்வரையில், அவன் உயிர் பிறர் கைக்குப் போவதில்லை. பூட்டும் எச்சரிக்கைச் சீட்டும் தொங்கவிடும் பெரிய தொழிற்சாலை முறைகள் எட்டாத இடங்களில், வேட்டி மடிப்பையே பூட்டாக்கிய யுக்தி இது.

சர்க்கார் தரப்பிலோ பயிற்சி என்ற எண்ணம் வேறொரு வாசல் வழியாக நுழைந்தது. 1850ஆம் ஆண்டின் 19ஆவது சட்டம், தர்ம ஸ்தாபனங்களில் வளரும் அநாதைகளும் ஏழைக் குழந்தைகளும் ஜீவனத்துக்கு ஒரு தொழில் கற்பதற்காக, 10 வயதுக்கு மேல் 18 வயதுக்கு உட்பட்டவர்களை ஏழு வருஷம் வரையில் ஓர் எஜமானனிடம் ஒப்பந்தம் செய்துவைக்க இடமளித்தது. கைத்தொழில் கற்பது கதியற்றவர்களுக்கான கருணைக் காரியம் என்ற அந்த மனோபாவம் மாறுவதற்கு ஒரு நூற்றாண்டும் இரண்டு மகா யுத்தங்களும் வேண்டியிருந்தன. யுத்தம் முடிந்த 1945இல், கலைக்கப்பட்ட சிப்பாய்களுக்கு மறுவாழ்வும் வேலையும் தேடித்தர ஏற்பட்ட மத்திய இலாகா, அவர்களுக்குத் தொழிலும் கற்பித்தது. 1950இல் அது எல்லோருக்குமான கைவினைஞர் பயிற்சித் திட்டமாக விரிந்து, நாம் இன்று ஐ.டி.ஐ. என்று சொல்லும் தொழிற்பயிற்சி நிலையங்களாக வடிவெடுத்தது. பத்தாம் வகுப்போ எட்டாம் வகுப்போ முடித்த பையன், எலெக்ட்ரீஷியன் அல்லது ஒயர்மேன் பிரிவில் இரண்டு வருஷம், மேஸ்திரியின் வசவுக்குப் பதில் ஆசிரியரின் மதிப்பெண்ணுக்குப் பயந்து, சுவருக்குப் பதில் மரப்பலகையில் ஒயரிங் செய்து பழகலானான். பின்னர் வந்த 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், பழைய ஒப்பந்தத்தைத் தலைகீழாகத் திருப்பியது. கற்பவனை எஜமானனோடு கட்டுவதற்குப் பதிலாக, தொழிலாளர் தொகைக்குத் தக்க விகிதத்தில் பழகுநர்களைச் சேர்த்துக் கற்பிக்கும் கடமையில் ஸ்தாபனத்தைக் கட்டிப்போட்டது. பழகுநர் தொழிலாளி அல்ல, மாணாக்கரே என்றும், அவருக்குரியது கூலி அல்ல, உதவித்தொகையே என்றும் அது வரையறுத்தது.

இது பொதுவான தொழில்களுக்கெல்லாம் உரிய கதை. மின்சாரத்துக்கென்று தனியாக ஒரு கதையும் உண்டு. 1910ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டத்தின்கீழ் இன்ஸ்பெக்டர்கள் நியமிக்கப்பட்டார்கள்; அதன்கீழ் இயற்றப்பட்ட 1956ஆம் ஆண்டு விதிகளில் 45ஆவது விதி, தொழிலின் குருகுலத்தையே சட்டத்தின் பாஷையில் எழுதிவைத்தது. சர்க்காரிடம் லைசென்ஸ் பெற்ற காண்டிராக்டர் ஒருவரே வேலையை எடுக்க வேண்டும். தகுதிச் சான்றிதழ் பெற்ற ஒருவரின் நேரடி மேற்பார்வை இருக்க வேண்டும். அனுமதி பெற்றவரே கம்பியில் கை வைக்க வேண்டும். பல்பு, மின்விசிறி, பியூஸ், ஸ்விட்ச் முதலியவற்றை அமைப்பின் தன்மை மாறாதபடி மாற்றுவதற்கு மட்டும் விலக்கு உண்டு. கடை, மேஸ்திரி, பையன் என்று கடைவீதியில் நின்ற அந்த மூவரே விதியின் வாசகத்தில் மூன்று படிகளாக நிற்கிறார்கள் என்பதை அதை ஊன்றிப் படிப்பவர் உணரலாம். அதற்கு முந்தைய 44ஆவது விதி, ஷாக் அடித்தவரை உயிர்ப்பிக்கும் முறையை ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோ எழுதுவதோடு, அந்தந்த ஜில்லாவின் பாஷையிலும் எழுதி, மின்நிலையங்கள் முதலிய இடங்களில் பார்வையாகத் தொங்கவிட வேண்டும் என்றது. சப்ஸ்டேஷன் சுவரில் புழுதி படிந்து தொங்கிய அந்தப் படமும் ஒரு பயிற்சி நூல்தான். 2003இல் பழைய சட்டம் போய்ப் புதுச் சட்டம் வந்தது. 2010இல் பழைய விதிகளின் இடத்தைப் புதிய ஒழுங்குமுறைகள் பிடித்தன. ஆயினும் அந்த மூன்று படிகள் அப்படியே நிலைத்தன.

ஆனால் 1961ஆம் ஆண்டின் சட்டம் ஆலைகளையும் மின்வாரியம் போன்ற பெரிய ஸ்தாபனங்களையும் கண்ட அளவுக்கு, மூன்று பேரும் ஓர் ஏணியுமாக நடக்கும் சிறு காண்டிராக்டரைக் காணவில்லை. நம் வீடுகளுக்குள் கம்பி இழுத்தவர்களில் பெரும்பாலோர் அந்தச் சிறு கடைகளின் பிள்ளைகளே. அவர்களுக்காகத் தமிழ்நாட்டில் திறந்த வாசல்தான் மின் கம்பியாளர் உதவியாளர் தகுதிகாண் தேர்வு. ஐ.டி.ஐ. வாசலை மிதிக்காதவரும், ஒயரிங் வேலையில் ஐந்து வருஷ அனுபவத்தைக் காட்டி அந்தத் தேர்வை எழுதலாம். கடைவீதிக் குருகுலத்தின் அந்த நாலைந்து வருஷங்களைச் சர்க்கார் ஒரு சர்வகலாசாலைப் படிப்பைப்போல மதித்து ஏற்றுக்கொண்டது என்பது சிறிய விஷயம் அல்ல. அதன் நிழலும் உடன் வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அனுபவத்துக்குச் சாட்சி காண்டிராக்டரின் கையெழுத்து. அந்தக் கையெழுத்தைக் கொடுக்க மனமில்லாத முதலாளியிடம் வருஷக்கணக்காகக் கூலி உயராமல் நின்ற பையன்களும் உண்டு. வேலை நடந்த வீட்டின் வாசற்படியைக்கூட மிதிக்காமல் டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்திட்ட லைசென்ஸ்காரர்களும் உண்டு. ‘நேரடி மேற்பார்வை’ என்று விதி சொன்ன வார்த்தையின் ஜீவன், காகிதத்தைவிட ஏணியடியில்தான் அதிகம் குடியிருந்தது.

இன்று பீங்கான் கட்டை அநேகமாக மறைந்துவிட்டது. அதன் இடத்தில் வரிசையாக நிற்கும் எம்.சி.பி. ஸ்விட்சுகள் எத்தனையோ விதத்தில் மேலானவை. பழுது நேர்ந்தால் தாமே விழுந்துவிடும். கம்பி மாற்றிக் கட்ட வேண்டியதில்லை. ஒரு குறை மட்டும் உண்டு. அவற்றைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொள்ள முடியாது. வழியே போகிற எவருடைய விரலும் அவற்றை மேலே தள்ளிவிடலாம். அதனால் வேலை தெரிந்த மேஸ்திரிகள் இப்போதும் ஒரு காரியம் செய்கிறார்கள். ஏணியில் ஏறுமுன், புதிதாகச் சேர்ந்த பையனைக் கூப்பிட்டு, “நான் இறங்குறவரைக்கும் இந்தப் போர்டை விட்டு நகராதே, யார் சொன்னாலும் தொட விடாதே” என்று நிறுத்திவிட்டுப் போகிறார்கள். கம்பியைத் தொட இன்னும் உரிமை பெறாத அந்தப் பையன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பலகையை மறைத்தபடி நிற்கிறான். மேலே அவன் குரு இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருக்கிறார்.