லூப் வந்த கதை

புரோகிராமிங் கற்கத் தொடங்குபவர்கள் முதல் சில பாடங்களை எளிதாகத் தாண்டி விடுவார்கள். இரண்டு எண்களைக் கூட்டு, விடையைத் திரையில் காட்டு என்பது வரை சிக்கல் இல்லை. லூப் பாடம் வந்ததும்தான் பலர் தடுமாறுவார்கள். "இது கூடப் புரியவில்லையா?" என்று மாணவனைக் குறை சொல்வது வழக்கம். ஆனால் லூப்பின் வரலாற்றைப் படித்தால், குறை எப்போதும் மாணவனிடம்தான் இருக்கிறது என்று சொல்ல முடியாது.

லூப் என்பது ஒரே கட்டளைகளைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் வழி. 'தொட்டி நிறையும் வரை குடம் குடமாக ஊற்று' என்று வீட்டில் சொல்வோமே, அதுதான். இதற்குத் தமிழில் மடக்கு என்றும் பெயர் உண்டு.

இந்த எண்ணம் கணினியை விட வயதில் மூத்தது. சார்லஸ் பாபேஜ் வடிவமைத்த பகுப்பாய்வு இயந்திரம் பற்றி 1843-ல் அடா லவ்லேஸ் எழுதிய குறிப்புகளில், ஒரு கட்டளைத் தொகுப்பை மீண்டும் மீண்டும் இயக்குவது பற்றிய விளக்கம் இருக்கிறது. சுழற்சிக்குள் சுழற்சி கூட அங்கே உண்டு! ஆனால் அந்த இயந்திரம் கடைசி வரை கட்டி முடிக்கப்படவில்லை.

அடுத்து 1944-ல் ஹார்வர்டு மார்க் 1 வந்தது. அதற்கான கட்டளைகளைக் காகித நாடாவில் துளையிட்டுக் கொடுப்பார்கள். ஒரு வேலையைத் திரும்பச் செய்ய வேண்டுமென்றால், நாடாவின் இரு முனைகளையும் சேர்த்து ஒட்டி வளையமாக்கி விடுவார்கள். அதாவது, லூப்பைக் கையால் தொட்டுப் பார்க்க முடிந்த காலம் அது.

கட்டளைகளையும் நினைவகத்திலேயே வைக்கும் கணினிகள் வந்தபின் நாடா வளையம் தேவைப்படவில்லை. 'முந்தைய கட்டளைக்குத் திரும்பிப் போ' என்றால் போதும். கேம்பிரிட்ஜின் எட்சாக் கணினி 1949 மே 6 அன்று தன் முதல் வேலையாக எண்களின் வர்க்க அட்டவணையை அச்சிட்டது. வசதி கூடியது, ஆனால் லூப் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. இனி அதை மனதுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். தொடக்க மாணவனின் கஷ்டம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

1957-ல் ஐபிஎம் வெளியிட்ட ஃபோர்ட்ரானில் லூப்புக்கென்றே 'டூ' என்ற கட்டளை இருந்தது. 1964-ல் டார்ட்மவுத் கல்லூரியில் கெமெனியும் கர்ட்ஸும், கணிதம் அறிவியல் படிக்காத மாணவர்களும் கணினியைப் பயன்படுத்த வேண்டும் என்று பேசிக் மொழியை உருவாக்கினார்கள். அதில் லூப் இப்படி இருக்கும்:

10 ஃபார் ஐ = 1 டூ 5
20 பிரிண்ட் ஐ * ஐ
30 நெக்ஸ்ட் ஐ
40 எண்ட்

1, 4, 9, 16, 25 என்று விடை வரும். எட்சாக் செய்த அதே வேலையின் சிறிய வடிவம், நான்கே வரிகளில்!

பேசிக்கில் 'கோ டூ' என்ற கட்டளையும் இருந்தது. எந்த வரியிலிருந்தும் எந்த வரிக்கும் தாவலாம். இப்படித் தாவித் தாவி எழுதினால் நிரலின் போக்கைப் பின்தொடரவே முடியாது என்று டைக்ஸ்ட்ரா 1968-ல் எழுதிய கடிதம் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. 1970-ல் நிக்லாஸ் விர்த், ஒழுங்கான நிரலாக்கத்தைக் கற்பிப்பதற்காகவே பாஸ்கல் மொழியைத் தந்தார். ஃபார், வைல், ரிப்பீட் என மூன்று வகை லூப்கள் அதில் இருந்தன.

இனிச் சிக்கல் தீர்ந்தது என்றுதானே நினைப்போம்? இல்லை. 1983-ல் சொலோவே, போனார், எர்லிக் ஆகிய மூவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணக்கு எளியது: எண்களை ஒவ்வொன்றாகப் படி, 99999 வந்தால் நிறுத்து, சராசரியைச் சொல்.

மனிதன் இயல்பாக எப்படி யோசிப்பான்? எண்ணைப் படி, 99999 என்றால் வெளியேறு, இல்லையென்றால் கூட்டு. பாஸ்கலின் வைல் லூப்போ நிபந்தனையைத் தொடக்கத்திலேயே சோதிக்கிறது. அதனால் முதல் எண்ணை லூப்புக்கு வெளியே படித்து, உள்ளே அதைக் கூட்டி, பிறகு அடுத்த எண்ணைப் படிக்க வேண்டும். படிக்கும் கட்டளை இரண்டு இடத்தில் வருகிறது, வரிசையும் தலைகீழாகிறது. லூப்பின் நடுவில் வெளியேற வழி கொடுத்தபோது, சரியாக எழுதியவர்களின் விகிதம் கூடியது.

இந்த முடிவு முக்கியமானது. மாணவர்களுக்குச் சராசரி காணத் தெரியாமல் இல்லை. அவர்கள் யோசிக்கும் வரிசையும் மொழி கேட்ட வரிசையும் வேறு வேறாக இருந்தன, அவ்வளவுதான். விர்த் பின்னாளில் உருவாக்கிய மாடுலா-2 நடுவில் வெளியேறும் லூப்பைக் கொண்டிருந்தது. பைதான் கற்பவர்களும் 'பிரேக்' கட்டளையால் அதைச் செய்யலாம்.

ஆகவே லூப் கற்றுக்கொடுப்பவர்கள் முதல் நாளே இலக்கணத்தைக் கரும்பலகையில் எழுதிப் போடாமல், "இதை நீ கையால் செய்தால் எப்படிச் செய்வாய்?" என்று கேட்டுத் தொடங்கலாம். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் ஐ-யின் மதிப்பு என்ன, கூட்டுத்தொகை என்ன என்று தாளில் கட்டம் போட்டு எழுத வைக்கலாம். ஹார்வர்டில் அன்று நாடாவை ஒட்டியவர்களுக்குச் சுற்று கண் முன்னே தெரிந்தது. இன்றைய மாணவனுக்கு அதைக் காட்டித் தருவது அந்தத் தாள்தான்.