அறைக்குள் வந்த நீராவி

குளிர்நாடுகளின் பழைய வீடுகளிலே யன்னலின் கீழ் வார்ப்பிரும்பாலான வெப்பமூட்டி ஒன்று நிற்கும். நீராவியால் இயங்கும் அதனை றேடியேற்றர் என்பர். வீட்டைப் புதுப்பிக்குங்கால் அதனைச் சில நாட்கள் அகற்றி வைப்பதுண்டு. வெப்பநாட்டவராகிய நமக்கு இது சிறு வேலையாகத் தோன்றும். எனினும், அதற்குரிய விதிகளிலே நீராவியை மனிதன் வீட்டிற்குள் அழைத்த வரலாறு அடங்கியுள்ளது.

1850களில் இரசியாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் பிரான்ஸ் சன் கல்லி இத்தகைய வெப்பமூட்டியை அமைத்தார். 1877ஆம் ஆண்டில் நியூயோர்க் மாநிலத்து லொக்போர்ட் நகரில் பேர்ட்சில் ஹொலி என்பார், ஒரே கொதிகலனிலிருந்து நிலத்தடிக் குழாய்வழி அயல் வீடுகளுக்கும் நீராவி அனுப்பினார். 1882இல் நியூயோர்க் மாநகரும் அம்முறையை மேற்கொண்டது. மன்ஹற்றன் தெருக்களின் கீழ் இன்றும் நீராவி ஓடுகின்றது.

நீராவி உயிர்குடிக்கவும் வல்லது. 1905இல் மசாச்சுசெற்ஸ் மாநிலத்துப் புறொக்ரன் நகரிலே, சப்பாத்துத் தொழிற்சாலையொன்றின் கொதிகலன் வெடித்து 58 பேர் மாண்டனர். 1907இல் அம்மாநிலம் கொதிகலன்களுக்குச் சட்டம் வகுத்தது. வீடுகளுக்கோ சதுர அங்குலத்திற்கு 2 இறாத்தல் அளவான அழுத்தமே போதுமாயிருந்தது. ஆயினும், அம்மெல்லிய ஆவியும் தோலைச் சுட்டுவிடும்.

பல வீடுகளில் ஒரே குழாய்தான் உண்டு. ஆவி அதன்வழி மேலேறும். குளிர்ந்து நீராகி அதன்வழியே கீழிறங்கும். ஆதலால் வெப்பமூட்டி குழாயை நோக்கிச் சற்றே சாய்ந்திருத்தல் வேண்டும்; வால்வும் முழுதாகத் திறந்தோ முழுதாக மூடியோ இருத்தல் வேண்டும். பாதி திறந்தால் உள்ளே நீர் தேங்கும். ஆவி அந்நீரை மோத, குழாய் சம்மட்டியடி போல அதிரும்.

அகற்றுவோர் முதலிற் கொதிகலனை நிறுத்தி ஆறவிடுவர். வெப்பமூட்டியைக் கழற்றியபின், வால்வை மூடியதோடு அமையாது, அதன் வாயையும் திருகுமூடியால் அடைப்பர். தேய்ந்த வால்வினூடே ஆவி கசிந்தால் ஆளையும் சுடும், புதுச்சுவரையும் கெடுக்கும். மீளப் பொருத்துகையில் மற்றொரு சோதனை உண்டு. புதிய தளப்பலகை வெப்பமூட்டியை உயர்த்திவிடும். குழாயோ பழைய உயரத்திலேயே நிற்கும். இரண்டையும் இசைவித்து, பழைய சாய்வையும் பேணினாலன்றி வேலை நிறைவுறாது.

அறை ஒருவருடையதாயினும் குழாய் வீடு முழுவதற்கும் உரியது. ஓரறையில் நேர்ந்த கவனக்குறைவு, மாடியில் உறங்கும் குழந்தையையும் குளிரில் வாட்டக்கூடும். பழையதைப் புதுப்பிக்க முனைவோர், அது எதனோடு பிணைந்துள்ளது என்பதை முதலில் அறிதல் நன்று.