பார்த்த படமும் எழுதி வைத்த குறிப்பும்

கண்டதையும் கேட்டதையும் நாள்தோறும் எழுதி வைக்கும் வழக்கம் தமிழர்க்கு முற்றும் புதியதன்று. புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு கிடைத்திராவிடில், அந்நகரின் பதினெட்டாம் நூற்றாண்டு வாழ்க்கையைப் பெரும்பாலும் ஐரோப்பியர் எழுதியவற்றைக் கொண்டே நாம் அறிந்திருப்போம். ஆயின், கடந்த நூறு ஆண்டுகளில் தமிழ் மக்கள் மிகவும் விரும்பிக் கண்ட கலையாகிய திரைப்படத்தைப் பற்றி, கண்டவர்களே எழுதி வைத்த குறிப்புகள் எத்துணை உள்ளன? மிகச் சிலவே. இதனால் நாம் இழந்தது யாது என்பதை இங்கே எண்ணிப் பார்ப்போம்.

மறைந்துபோன படங்கள்

சென்னையில் மோட்டார் உதிரி உறுப்பு வாணிகம் செய்துவந்த ஆர். நடராஜ முதலியார், 1910களின் பிற்பகுதியில் ‘கீசக வதம்’ என்னும் ஊமைப்படத்தை எடுத்தார். தென்னகத்தில் உருவான முதல் கதைப்படம் அதுவே. தமிழின் முதல் பேசும் படம் எனப் போற்றப்பெறும் ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31ஆம் நாள் வெளிவந்தது. எச். எம். ரெட்டி இயக்க, டி. பி. ராஜலட்சுமி நடித்த படம் அது. இவ்விரு படங்களின் சுருளும் இன்று இல்லை.

அக்காலச் சுருள்கள் நைட்ரேட் கலந்தவை, எளிதில் தீப்பற்றுபவை, நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் விரைவில் சிதைபவை. ஓடி முடிந்த படத்துக்கு இனி மதிப்பில்லை என்று கருதி, அதிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகச் சுருளை விற்றவர்களும் உண்டு. தென்னிந்திய ஊமைப்படங்களுள் இன்று எஞ்சியிருக்கும் அரிய படம் 1933ஆம் ஆண்டின் ‘மார்த்தாண்ட வர்மா’. பதிப்புரிமை வழக்கொன்றில் சிக்கி முடங்கியதே அதனைக் காத்தது என்பது வியப்புக்குரிய செய்தி!

‘காளிதாஸ்’ படத்தில் தமிழோடு தெலுங்கும் ஒலித்தது, கதைக்குத் தொடர்பற்ற தேசியப் பாடல் இடம்பெற்றது என்றெல்லாம் இன்று நாம் சொல்லுகிறோம். எவ்வாறு அறிந்தோம்? விளம்பரம், செய்திக் குறிப்பு, பாட்டுப் புத்தகம் ஆகியவற்றால் அறிந்தோம். சுருள் அழிந்தது, தாள் நின்றது. கொட்டகை வாயிலில் சிறு விலைக்கு விற்ற பாட்டுப் புத்தகங்கள் பாடல்களையும் நடிகர் பெயர்களையும் தந்தன. கதையையோ பாதியில் நிறுத்தி, எஞ்சியதை வெள்ளித்திரையில் காணுமாறு சொல்லிவிட்டன. படம் பார்த்தவர் எங்கே சிரித்தார், எங்கே கண்ணீர் விட்டார் என்பதை அவை சொல்ல இயலாதன்றோ?

எழுதி வைத்தவர்கள்

இந்தியத் திரைப்படத்தைப் பற்றி மக்களின் கருத்தைக் கேட்க 1927இல் அரசு ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவர் சென்னையைச் சேர்ந்த வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார். நாடெங்கும் சென்று 353 பேரின் சாட்சியங்களை அக்குழு கேட்டுப் பதிவு செய்தது. இன்று ஆராய்ச்சியாளர்க்கு அத்தொகுதிகள் பெருஞ்செல்வம். எனினும், சாட்சி கூறியவர்கள் பெரும்பாலும் கற்றவர்களும் பதவியில் இருந்தவர்களும் தொழில் நடத்தியவர்களுமே ஆவர். தரை டிக்கெட்டில் மணலில் அமர்ந்து பார்த்தவரின் குரலும், பிள்ளையை மடியில் இருத்திப் பார்த்த தாயின் குரலும் அவற்றில் அரிதினும் அரிது.

1930களில் கல்கி அவர்கள் ‘ஆனந்த விகட’னில் எழுதிய விமரிசனங்கள் மற்றொரு வகை. கே. பி. சுந்தராம்பாள் ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்று நடித்ததாகப் பேசப்பெற்ற ‘நந்தனார்’ (1935) படத்தை அவர் தயவின்றிக் கண்டித்தார். ஊரெல்லாம் புகழும் பெயருக்கு அஞ்சாமல் தம் கண்ணுக்குப் பட்டதை எழுதியமையால் அவர் எழுத்து இன்றும் பயன்படுகிறது.

பின்னாளில் ‘பிலிம் நியூஸ்’ ஆனந்தன் தமிழ்ப் படங்களின் விவரங்களையும் நிழற்படங்களையும் தனி ஒருவராகப் பல்லாண்டுகள் திரட்டினார். அவர் உழைப்பு 2004இல் பெருநூலாக வெளிவந்தது. புனேயில் 1964இல் நிறுவப்பெற்று, 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைந்த தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை வளர்த்த பி. கே. நாயர், சிறுவயதில் நுழைவுச் சீட்டுகளைச் சேர்த்து வைத்தவர். பிற்காலத்தில் இருண்ட அரங்கில் சிறு கைவிளக்கின் ஒளியில் குறிப்பெடுத்துக்கொண்டே படம் பார்ப்பார். பல்லாயிரம் படங்களைக் காத்தவருக்கும், பார்த்ததை உடனே எழுதி வைப்பது தேவையாக இருந்தது!

நம் இல்லங்களில்

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இச்செய்தி மிகவும் நெருக்கமானது. பம்பாய் மாதுங்காவின் அரோரா போன்ற திரையரங்குகளிலும், சங்கங்களின் அரங்குகளிலும் தமிழ்ப் படம் காண்பது வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. ஊரிலிருந்து வரும் கடிதத்தில் நலம் விசாரித்த பின், “இப்படம் அங்கு வந்தால் தவறாமல் பாருங்கள்” என்று ஒரு வரி இருக்கும். ஞாயிறு காலைக் காட்சிக்குப் பக்கத்து வீட்டு மாமி சொல்லித்தான் பல குடும்பங்கள் சென்றன. மொழி மறவாதிருக்கப் பிள்ளைகளை அழைத்துச் சென்றவர் பலர். ஆனால், எந்தப் படத்தை எவ்வூரில் யாருடன் கண்டோம், அது நமக்கு என்ன செய்தது என்பதை எழுதியவர் எத்தனை பேர்? நம் முதியோரின் நினைவில் மட்டும் இருக்கும் அவ்வரலாறு அவர்களோடு மறைந்துவிடும்.

இதற்குப் பெரும்புலமை வேண்டுவதில்லை. நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். நாள், ஊர், திரையரங்கு, உடன் வந்தவர், பிடித்த காட்சி, பிடிக்காத காட்சி, இப்படம் யாருக்கு ஏற்றது — இவற்றை வீடு திரும்பிய அன்றே எழுதலாம். பத்தாண்டு கழித்து மீண்டும் பார்க்கையில் கருத்து மாறினால், பழையதை அடிக்காமல் அதன் கீழே புதியதை எழுதலாம். படம் அதுவே, மாறியது நாம் என்பது அப்போது விளங்கும்.

பிறர்க்குப் பரிந்துரைக்கும்போதும் “நல்ல படம்” என்று கூறி நிறுத்தாமல் காரணத்தையும் சொல்வோமாக. காரணம் சொன்னால்தான் கேட்பவர் தம் சுவைக்கு ஒத்ததா என்று தெளியலாம், ஒவ்வாதாயின் மறுத்துரைக்கலாம். சுவையுணர்வு வளர்வது இத்தகைய உரையாடலால்தான்.

முதற் பக்கத்தை நம் இல்லத்து முதியவர்க்கு ஒதுக்குவோம். அவர்கள் கண்ட முதல் படம் எது, அன்று கொட்டகை எப்படி இருந்தது என்று கேட்டு, அவர்கள் சொல்லியவாறே எழுதுவோம். இக்கடமையை நாளைக்கென ஒத்திப்போடலாகாது.