ஆடியற்ற கமராவின் வளர்ச்சி: ஓர் ஒப்பீட்டு நோக்கு

வரலாறு என்றவுடன் மன்னர்களையும் போர்களையும் ஆட்சி மாற்றங்களையும் நினைவு கூர்வது எம்மிடையே நெடுநாளைய வழக்கமாகும். மனிதன் ஆக்கிப் பயன்படுத்தும் கருவிகளுக்கும் வரலாறு உண்டு என்பதும், அவற்றின் மாற்றங்களினூடாக ஒரு சமுதாயத்தின் தேவைகளையும் நெருக்கடிகளையும் கண்டுகொள்ளலாம் என்பதும் அத்துணை கவனிக்கப்படுவதில்லை. ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையில் ஏறத்தாழ ஐந்தாண்டு இடைவெளியில் வெளிவந்த இரு கமராக்களை ஒப்புநோக்கி, ‘புதியது’ என்பது எப்பொருளில் ‘வளர்ந்தது’ ஆகின்றது என்னும் வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவை 2013இல் வெளிவந்த சோனி அல்பா 7 என்பதும், 2018இல் வெளிவந்த அதன் மூன்றாம் பதிப்புமாகும்.

இவ்வினா எமக்கு வெறும் அறிவு விளையாட்டன்று. எமது வகுப்பு மாணவர் சிலர் கிராமத்துக் கோயிலொன்றின் கணக்கேடுகளையும், சில வீடுகளில் பேணப்பட்ட பழைய காணி உறுதிகளையும் படமெடுத்து வைக்க முற்பட்டனர். செல்லரித்த அத்தாள்கள் இன்னுமொரு மாரியைத் தாங்குமோ என்பது ஐயமே. இரவல் பெற்ற பழைய கமராவொன்றுடன் தொடங்கிய இப்பணியைத் தொடர்வதற்குச் சேர்ந்த பணத்தில் புதிய கமரா ஒன்றை வாங்குவதா, அன்றிப் பிறர் பயன்படுத்திய பழைய கமராக்கள் இரண்டை வாங்குவதா என்னும் விவாதம் எழுந்தது. அவ்விவாதமே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

ஆடியின் தோற்றமும் தேவையும்

‘ஆடியற்ற கமரா’ என்ற பெயரே ஒரு வரலாற்றைத் தன்னுள் அடக்கியுள்ளது. ஒரு பொருளை அதனிடம் இல்லாத ஒன்றாற் பெயரிட்டு அழைப்பதாயின், அவ்வில்லாத பொருள் முன்னர் இன்றியமையாததாய் விளங்கியிருத்தல் வேண்டும். எனவே ஆடி எதற்காக வந்தது என்பதை முதலில் நோக்குதல் தகும்.

படச்சுருளைப் பயன்படுத்திய காலத்தில், படம் பிடிக்கும் கணம் வரை அச்சுருளில் ஒளி படுதல் கூடாது. ஆயின் படம் பிடிப்பவரோ வில்லை காண்பதைத் தாமும் காண விரும்பினார். இம்முரண்பாட்டுக்குக் கண்ட தீர்வே 45 பாகை சாய்வில் அமைந்த ஆடியாகும். வில்லையூடாக வந்த ஒளியை ஆடி மேல்நோக்கித் தெறிக்கச் செய்யும். பொத்தானை அழுத்தியதும் அது மேலெழுந்து, ஒளி படச்சுருளைச் சென்றடைய வழிவிடும். ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரில் 1936இல் வெளியான கினே எக்சாக்டா, 35 மில்லிமீற்றர் படச்சுருளுக்கான இத்தகைய ஒருவில்லைத் தெறிப்புக் கமராக்களின் முன்னோடிகளுள் ஒன்றாகும். அதே நகரில் 1949இல் உருவான கொன்ராக்ஸ் எஸ், ஐந்துகோண அரியத்தின் உதவியாற் காட்சியைக் கண்மட்டத்தில் நேராகக் காட்டிற்று. மேலெழுந்த ஆடி உடனடியாகத் தன்னிடத்துக்கு மீளும் ஏற்பாடு 1954இல் யப்பானின் அசாகிபிளெக்ஸ் கமராவில் இடம்பெற்றது. 1959இல் வெளிவந்த நிக்கொன் எப், இவ்வமைப்பைத் தொழில்முறைப் படப்பிடிப்பாளரின் நம்பிக்கைக்குரிய கருவியாக நிலைநிறுத்திற்று.

காரணம் அகன்ற பின்னும் நிலைத்த காரியம்

படச்சுருளின் இடத்தை மின்னணு உணரி பிடித்துக்கொண்டபோது ஆடியின் தேவை அடிப்படையில் நீங்கிவிட்டது. உணரி ஒளியைக் கண்டு கெடுவதில்லை. தான் பெறும் காட்சியை இடையறாது ஒரு சிறு திரைக்கு அனுப்பவும் அதனால் இயலும். இருப்பினும், நிக்கொன் டி1 வெளிவந்த 1999 தொடக்கம் பல ஆண்டுகளாக உயர்தர எண்ணிமக் கமராக்கள் ஆடியுடனேயே ஆக்கப்பட்டன. காரணம் நீங்கியும் காரியம் நீங்காத இந்நிலை, சமுதாய நிறுவனங்களின் வரலாற்றிலும் நாம் அடிக்கடி காண்பதொன்றாகும்.

இதனை வெறும் பழமைப் பற்று என்று தள்ளிவிடுதல் பொருந்தாது. அக்கால மின்னணுத் திரைகள் மங்கலானவை. அசையும் பொருளைத் தாமதித்தே காட்டின. விரைவாகக் குவியப்படுத்தும் உணரிகளும் ஆடியின் கீழேயே அமைந்திருந்தமையால், ஆடியை நீக்கின் அவ்விரைவும் உடன் நீங்கும். ஆடிக்குப் புதிய காரணங்கள் தோன்றியிருந்தன என்பதே உண்மை.

இத்தடைகளின் மத்தியிலேயே 2008இல் பனசோனிக் நிறுவனம் ஜி1 என்னும் கமராவை வெளியிட்டது. ஒலிம்பஸ் நிறுவனத்துடன் இணைந்து வகுத்த புதிய அளவுமுறையில் அமைந்த இக்கமராவில் ஆடியும் இல்லை, அரியமும் இல்லை. அதன் உணரியோ பழைய படச்சுருட் சட்டத்தின் பரப்பில் ஏறக்குறைய நான்கிலொரு பங்கினதே. 2009இல் ஒலிம்பசும், 2010இல் சோனியும், 2012இல் புஜிபில்ம், கனொன் ஆகியனவும் இவ்வழியிற் கமராக்களை வெளியிட்டன. எனினும், தொழில்முறைப் படப்பிடிப்பாளர் பலர் இவற்றைத் துணைக் கருவிகளாகவே கருதினர்.

2013: துணிவும் குறையும்

2013 ஒக்டோபரில் அறிவிக்கப்பட்ட அல்பா 7, 36க்கு 24 மில்லிமீற்றர் என்னும் முழுச்சட்ட உணரியையும் தன்னியக்கக் குவியத்தையும் ஒருங்கே கொண்டு, வில்லை மாற்றத்தக்கதாய், ஆடியற்றதாய் அமைந்தது. உடன் வெளியான அல்பா 7ஆர் என்பதுடன் இதனை இவ்வினத்தின் தொடக்கமெனக் கொள்ளலாம். லைக்கா எம்9 என்பது 2009இலேயே முழுச்சட்ட உணரியுடன் ஆடியின்றி வெளிவந்ததாயினும், அதிற் கையாலேயே குவியப்படுத்தல் வேண்டும்.

இதன் சிறப்பையும் குறையையும் அறிய, அதே மாதத்தில் வெளியான ஆடியுடைய நிக்கொன் டி610 கமராவுடன் ஒப்பிடல் பயனுடைத்து. இரண்டும் 24.3 மில்லியன் படப்புள்ளிகள் கொண்டவை. மின்கலமும் நினைவட்டையும் உட்பட நிக்கொன் 850 கிராம் நிறையுடையது. அல்பா 7 வெறும் 474 கிராம். ஆயின் தொழிற்றுறை அளவீட்டின்படி, முன்னையது ஒரு மின்கலத்தால் 900 படங்களை எடுக்க, பின்னையது 340 படங்களையே எடுத்தது. உணரியும் திரையும் இடையறாது இயங்குவதே இதன் காரணமாகும். நிக்கொன் இரு நினைவட்டைகளைக் கொண்டது. ஒன்று பழுதாயினும் மற்றையதில் படங்கள் எஞ்சும். அல்பா 7இல் ஓரட்டைக்கே இடமிருந்தது. ஆடியை நீக்கியதாற் பெற்றது எடைக் குறைவு. இழந்தது நம்பிக்கை எனலாம்.

2018: பழையதன் நற்பண்புகளைப் பெற்ற புதியது

2018 பெப்ரவரியில் அறிவிக்கப்பட்ட மூன்றாம் பதிப்பை நோக்குவோர்க்கு முதலில் வியப்பளிப்பது அதில் மாறாதவையே. படப்புள்ளிகள் 24.2 மில்லியன்; அதாவது ஐந்தாண்டு கழிந்தும் எண்ணிக்கை கூடவில்லை. கண்வைத்துப் பார்க்கும் சிறுதிரையின் புள்ளிகளும் முன்போன்றே 2.36 மில்லியனாகும். விளம்பரங்கள் பெரிதுபடுத்தும் எண்களை மாத்திரம் கொண்டு நோக்கின் வளர்ச்சி ஏதும் நிகழவில்லை என்றே முடிவு செய்ய நேரும்.

மாற்றம் வேறிடத்தில் நிகழ்ந்தது. மின்கலத்தின் கொள்ளளவு 1020 மில்லியம்பியர் மணியிலிருந்து 2280 ஆக உயர்ந்தமையால், படங்களின் எண்ணிக்கை 340இலிருந்து 710 ஆயிற்று. நினைவட்டைக்கு ஈரிடங்கள் அமைந்தன. கைநடுக்கத்தை ஈடுசெய்ய உணரியே அசைந்து கொடுக்கும் ஏற்பாடு, 2014இல் இரண்டாம் பதிப்பில் அறிமுகமாகி இதிலும் தொடர்ந்தது. உணரியின் மின்சுற்றுகள் ஒளிபடும் பகுதியின் பின்புறத்துக்கு மாற்றப்பட்டமையால், மங்கிய ஒளியிலும் தெளிவு மிகுந்தது. தொடர்ச்சியாக எடுக்கக்கூடிய படங்கள் நொடிக்கு 5இலிருந்து 10 ஆகின. உணரியின் மேலேயே அமைந்த குவியப் புள்ளிகள் 117இலிருந்து 693 ஆகப் பெருகிச் சட்டத்தின் ஏறத்தாழ 93 சதவீதத்தை அடக்கின. அசையும் மனிதரின் கண்ணைத் தொடர்ந்து குவியப்படுத்தவும் இக்கமராவினால் இயன்றது. இவற்றுக்கான விலையும் உண்டு. நிறை 650 கிராமாகக் கூடிற்று. அமெரிக்க விலை சுமார் 1700 டொலரிலிருந்து சுமார் 2000 டொலராயிற்று.

வளர்ச்சியின் இயல்பு

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து இரு கருத்துக்கள் புலனாகின்றன. முதலாவது, 2018இல் பெற்ற பண்புகளுட் பல உண்மையிற் புதியன அல்ல. நீடிக்கும் மின்கலம், இரு நினைவட்டைகள் ஆகியன ஆடியுடைய கமராக்களிடம் முன்னரே இருந்தவை. புதிய இனம் பழையதை வென்றது அதனை மறுத்ததனால் மாத்திரமன்று. அதன் நற்பண்புகளைத் தன்னகப்படுத்தியதனாலுமாகும். 2013இல் நிகழ்ந்தது முறிவு. 2018இல் நிகழ்ந்தது நிறைவு. முறிவை மாத்திரம் வரலாறாகக் கொள்வோர் நிறைவை ஆக்கிய பொறியியலாளரின் பொறுமையான உழைப்பை மறந்துவிடுகின்றனர்.

இரண்டாவது, தனியொரு கருவியை வெற்றிக்கு முழுக் காரணமாகக் கொள்ளுதல் தவறாகும். 2018 ஓகஸ்டில் நிக்கொனும் செப்டெம்பரில் கனொனும் தத்தம் முழுச்சட்ட ஆடியற்ற கமராக்களை அறிவித்தன. சில மாதங்களுள் ஆக்கி முடிக்கத்தக்கவை அல்ல இவை. ஆண்டுக்கணக்கான முயற்சியின் பயன்கள். 2020இல் ஆடியற்றவற்றின் ஏற்றுமதி எண்ணிக்கை ஆடியுடையவற்றை விஞ்சிற்று. ஆயின் வென்ற களமே சுருங்கிப்போயிருந்தது. 2010இல் யப்பானிய நிறுவனங்கள் அனுப்பிய எண்ணிமக் கமராக்கள் அனைத்தும் சுமார் 121 மில்லியன். 2023இல் அவை 8 மில்லியனுக்கும் குறைவு. கைத்தொலைபேசியே இச்சரிவின் தலையாய காரணமென்பது யாவரும் அறிந்ததே. சாதாரணப் படங்களைத் தொலைபேசி எடுத்துக்கொண்டமையால், எஞ்சிய கமரா மேலும் திறனுடையதாகவும் விலையுயர்ந்ததாகவும் மாறவேண்டியதாயிற்று.

இங்கு மற்றுமொரு விடயமும் மனங்கொளத்தக்கது. ஆடி நீங்கியமையால் வில்லைக்கும் உணரிக்குமிடையே வேண்டிய தூரம் சுருங்கிற்று. நிக்கொனின் பழைய அமைப்பில் 46.5 மில்லிமீற்றராக இருந்த இத்தூரம் சோனியின் அமைப்பில் 18 மில்லிமீற்றரே. இவ்விடைவெளியில் ஓர் இணைப்பு வளையத்தைப் பொருத்தின், அரை நூற்றாண்டுக்கு முந்திய வில்லைகளையும் இப்புதிய கமராக்களிற் பயன்படுத்தலாம். மிகப் புதிய கருவியே மிகப் பழைய வில்லைகளுக்கு மறுவாழ்வு அளித்தது. புதுமையும் பழமையும் எப்போதும் பகைகொண்டு நிற்பன அல்ல என்பதற்கு இது தக்க சான்றாகும்.

எமது நிலை

இனி, எமது விவாதத்துக்கு வருவோம். 2022இல் எமது நாட்டு ரூபா வீழ்ச்சியுற்றபோது, சில மாதங்களுள் ஒரு டொலரின் பெறுமதி சுமார் 200 ரூபாவிலிருந்து சுமார் 360 ரூபாவாயிற்று. 2000 டொலர்ப் பொருளொன்று, வரிகளைக் கணக்கிற் கொள்ளாமலே, 4 இலட்சத்திலிருந்து 7 இலட்சத்துக்கு மேலாக உயர்ந்தது. கருவியின் வரலாறு ரோக்கியோவில் எழுதப்படினும், அதன் பயன் எம்மவர் கைக்கு எட்டுமா என்பது இங்குள்ள பொருளாதாரத்தினாலேயே முடிவு செய்யப்படுகின்றது.

எடுக்கவேண்டிய பொருளையும் நாம் கருத்திற் கொள்ளல் வேண்டும். கணக்கேடு ஓடுவதில்லை, காணி உறுதி கண் சிமிட்டுவதில்லை. முக்காலியில் நிறுத்திப் படமெடுக்கும்போது நொடிக்குப் பத்துப் படங்களாலும் கண்ணைத் தொடரும் குவியத்தாலும் ஆவதொன்றுமில்லை. இப்பணிக்குப் படப்புள்ளிகளின் எண்ணிக்கையே முதன்மையானது. அவ்வகையில் 2013இன் கருவி 2018இன் கருவிக்குத் தாழ்ந்ததன்று. மேலதிக மின்கலங்களைக் கொண்டு செல்லுதலும், ஒவ்வொரு மாலையும் படங்களை ஈரிடங்களிற் பிரதி செய்தலும் பழைய கருவியின் இரு பெருங் குறைகளை ஒழுங்கினால் ஈடுசெய்யும். மேலும், இரு கமராக்கள் இருப்பின் இரு குழுவினர் இரு கிராமங்களில் ஒரே நாளிற் பணியாற்றலாம். திருவிழாவையோ கூத்தையோ இரவொளியிற் படமெடுக்க முற்படுவோமாயின் எம் முடிவு வேறாகும் என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

ஆகவே, பழைய கமராக்கள் இரண்டையே வாங்குவதென முடிவாயிற்று. புதியதை விரும்பிய நண்பர்கள் இம்முடிவை முழுமனதுடன் ஏற்றனர் எனக் கூறவியலாது. அவர்தம் வாதங்களும் புறக்கணிக்கத்தக்கன அல்ல. ஆயினும் ஒன்றில் நாம் அனைவரும் உடன்பட்டோம். கருவிக்குப் புதிய பதிப்புக்கள் ஆண்டுதோறும் வரும். செல்லரித்த ஏட்டுக்கு மறுபதிப்பு இல்லை. சிறந்த கருவி கைக்கு வரும்வரை காத்திருப்பதனால் அழிவது கருவியன்று, நாம் காக்க விழைந்த வரலாறேயாகும்.