கின்ராரா மழையும் ஒரு கணக்கும்

2006 செப்டம்பர் 14. நான் மூன்றாம் ஆண்டு மாணவன். அப்பா ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு, என்னை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு பூச்சோங் கின்ராரா மைதானத்துக்குப் போனார். இந்தியா, ஆஸ்திரேலியா, மேற்கிந்தியத் தீவுகள் ஆடிய முத்தரப்புத் தொடர் அது. டெண்டுல்கர் ஆட்டமிழக்காமல் 141 ரன் எடுத்தார். இந்தியா 50 ஓவரில் 5 விக்கெட்டுக்கு 309. மேற்கிந்தியர்கள் 20 ஓவரில் 2 விக்கெட்டுக்கு அதே 141இல் இருந்தபோது ஆட்டம் மழையால் நின்றது. மறுபடி தொடங்கவேயில்லை. மேற்கிந்தியத் தீவுகள் 29 ரன் வித்தியாசத்தில் வென்றதாக அறிவித்தார்கள்.

309 எங்கே, 141 எங்கே? "மழைதான்டா தோக்கடிச்சிருச்சி" என்றார் அப்பா. ஒட்டுக்கடையில் யாராவது கிரிக்கெட் பேச்சை எடுத்தால் இன்றைக்கும் அதையேதான் சொல்வார்.

பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டுப் புரொஜெக்டாக ஒருநாள் ஆட்டங்களின் முடிவைக் கணிக்கும் நிரல் ஒன்றை பைத்தானில் எழுதினேன். எடுக்க வேண்டிய ரன், கையிலுள்ள விக்கெட், மீதி ஓவர் மூன்றையும் கொடுத்தால் விரட்டும் அணியின் வெற்றி வாய்ப்பைச் சொல்லும். சிக்கல் மழையில் வந்தது. மழையால் முடிவான ஆட்டங்களில் 'வென்ற அணி' என்ற பத்தியில் இருப்பது ஆடி முடித்த முடிவு அல்ல, இன்னொரு சூத்திரத்தின் தீர்ப்பு. அதை உண்மை என்று என் நிரலுக்குக் கற்றுக்கொடுப்பது சரியாகப் படவில்லை. ஒரே வரி கோட், அத்தனை ஆட்டங்களும் போய்விட்டன. போனவற்றின் பட்டியலை ஒருநாள் சும்மா மேய்ந்தபோது கண்ணில் பட்டது: கின்ராரா, 2006. அப்பாவின் ஆட்டத்தை நானே அழித்திருந்தேன்.

அப்புறம்தான் அந்தச் சூத்திரத்தின் கதையைத் தேடிப் போனேன்.

ஆரம்பத்தில் மழைக்கு இருந்த விதி எளிமையானது. முதல் அணியின் சராசரி ரன் வேகத்தை மீதமுள்ள ஓவர்களால் பெருக்கு, அவ்வளவுதான். ஆனால் ஓவர் குறைந்தாலும் விக்கெட் பத்தும் அப்படியே இருப்பதால், இரண்டாவது ஆடும் அணிக்கு அது கொண்டாட்டம். இதைச் சரிசெய்ய 1992 உலகக் கிண்ணத்தில் வேறு விதி வந்தது: எத்தனை ஓவர் பறிபோகிறதோ, முதல் அணி மிகக் குறைவாக ரன் எடுத்த அத்தனை ஓவர்களைக் கழித்துவிடு.

மார்ச் 22, சிட்னி, அரையிறுதி. இங்கிலாந்து 45 ஓவரில் 252. தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்தில் 22 ரன் தேவைப்பட்டபோது மழை வந்தது. இரண்டு ஓவர் போனது. இங்கிலாந்தின் மோசமான இரண்டு ஓவரைக் கழித்ததில் இலக்கு ஒரே ஒரு ரன்தான் குறைந்தது. மறுபடி ஆட வந்தவர்களுக்கு ஒரே பந்தில் 21 ரன். நன்றாகப் பந்து வீசியதற்குத் தண்டனை!

அந்த நேரத்தில் வானொலி வர்ணனையாளர் கிறிஸ்டோபர் மார்ட்டின் ஜென்கின்ஸ், இதைவிட நல்ல வழி யாருக்கும் தோன்றாதா என்று அலுத்துக்கொண்டதைக் கேட்டவர் ஃபிராங்க் டக்வொர்த் என்ற புள்ளியியலாளர். அதே ஆண்டில் ஷெஃபீல்டில் ஒரு கட்டுரை படித்தார். பிரிஸ்டல் விரிவுரையாளர் டோனி லூயிஸ் சேர்ந்துகொண்டார். 1997 ஜனவரி 1 அன்று ஹராரேயில், ஜிம்பாப்வே இங்கிலாந்து ஆட்டத்தில் அவர்கள் முறை முதன்முதலாக அமலுக்கு வந்தது. சிட்னியில் இது இருந்திருந்தால் கடைசிப் பந்தில் 5 ரன் எடுத்தால் வெற்றி.

அவர்கள் பார்த்தது இதுதான்: ஓர் அணியிடம் இருப்பது ஓவர் மட்டுமல்ல, விக்கெட்டும்தான். இரண்டும் சேர்ந்ததே அதன் வளம். 50 ஓவரும் 10 விக்கெட்டும் இருந்தால் 100 விழுக்காடு. 30 ஓவரும் 8 விக்கெட்டும் மீதமிருந்தால், அச்சில் வந்த அட்டவணைப்படி 67.3. அப்படியானால் கின்ராராவில் மேற்கிந்தியர்கள் செலவழித்தது 32.7 விழுக்காடுதான். 309இல் அது சுமார் 101. பெரிய இலக்கை விரட்டும் அணி ஆரம்பத்திலிருந்தே வேகமாக ஆடியாக வேண்டும் என்பதால், சர்வதேச ஆட்டங்களில் பயன்பட்ட கணினி வடிவம் இன்னும் கறாராக 112 கேட்டது. அவர்கள் எடுத்திருந்தது 141.

இந்தச் சூத்திரத்துக்குப் போட்டியும் உண்டு. கேரளத்து சிவில் பொறியியலாளர் ஜெயதேவன் வேறொரு முறையை உருவாக்கினார். 2012இல் ஐசிசி அதை ஏற்கவில்லை. 2014இல் பொறுப்பேற்ற ஸ்டீவன் ஸ்டெர்ன் பழைய முறையையே புதுப்பித்தார்.

கணக்கு சரியாக இருந்தாலும் அதை வாசிப்பவர் சறுக்கலாம். 2003 உலகக் கிண்ணத்தில், டர்பனில், இலங்கையின் 268ஐத் தென்னாப்பிரிக்கா விரட்டியது. மழை வலுக்க, 229 போதும் என்று களத்துக்குச் செய்தி போனது. மார்க் பவுச்சர் முரளிதரனின் பந்தை சிக்ஸர் அடித்து 229ஐத் தொட்டார். அடுத்த பந்தைச் சும்மா தடுத்தார். 229 என்பது சமநிலைக்கான எண், வெற்றிக்கு 230. போட்டியை நடத்திய நாடே வெளியேறியது.

இதையெல்லாம் படித்தபின் ஒன்று புரிந்தது. என் நிரல் கேட்பது: யார் வெல்வார்கள்? சூத்திரம் கேட்பது: இங்கேயே நிறுத்த வேண்டுமென்றால், செலவழித்ததற்கு ஈடாக யார் அதிகம் செய்திருக்கிறார்கள்? முன்னது ஆரூடம், பின்னது நியாயம். இரண்டையும் நான் ஒன்றாக நினைத்திருந்தேன்.

போன தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது அப்பாவிடம் கணக்கைக் காட்டினேன். கையில் 8 விக்கெட், 180 பந்தில் 169 ரன். என் நிரலும் மேற்கிந்தியர் பக்கமே சாய்ந்தது. "மழை தோக்கடிக்கலப்பா, அவங்க அப்பவே முன்னால இருந்தாங்க" என்றேன்.

அப்பா கணினியையே பார்த்துக்கொண்டிருந்தார். "169 தானா? எனக்கு ரொம்ப தூரம் இருந்த மாதிரி ஞாபகம்." கொஞ்சம் பொறுத்து, "ஆனா டெண்டுல்கர் அடிச்சது அடிச்சதுதானே? அதையும் சேர்த்தா தூக்கிட்ட?"

பதில் சொல்ல முடியவில்லை. அந்த ஆட்டத்தை இப்போது தனிக் கோப்பில் வைத்திருக்கிறேன். 'வென்ற அணி' என்ற பத்தி மட்டும் காலியாக இருக்கிறது.